புகையிற் பதமான ஊன்

ஊனுண்ணும் இல்லங்களில் மாசியை அறியாத அடுக்களை இலங்கையில் அரிது. சம்பலில் இடித்துச் சேர்ப்பதும், கறியில் உடைத்துப் போடுவதும் நாளாந்த வழக்கம். கல்லைப்போல் இறுகிய அக்கருந்துண்டு ஒருகாலத்திற் கடலில் நீந்திய சூரைமீன் என்பதையும், நீரில் அவிந்து, புகையில் உலர்ந்து, வெயிலிற் காய்ந்த பின்னரே கடைக்கு வந்தது என்பதையும் எண்ணிப் பார்ப்போர் சிலரேயாவர். 1343ஆம் ஆண்டில் மாலைதீவை அடைந்த மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுனு பதூதா இம்மீனைப்பற்றி எழுதியுள்ளார். மீனை நான்கு துண்டங்களாக வெட்டிச் சிறிது அவித்து, ஓலைக்கூடைகளில் இட்டுப் புகையிலே தொங்கவிடுவர் என்றும், நன்கு உலர்ந்தபின் இந்தியாவுக்கும் சீனத்துக்கும் யேமனுக்கும் அனுப்புவர் என்றும் அவர் கூறுகிறார். அடுத்த ஆண்டிலே இலங்கைக்கு வந்து ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டு அளவளாவியவரும் அவரே.

உணவைக் கெடாமற் காக்கும் முயற்சி எல்லா நாட்டு மக்களுக்கும் பொதுவானது. கண்டியரசிற் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலே, வேடர்கள் மரப்பொந்தினுள் தேனை வார்த்து, அதில் இறைச்சியை இட்டுக் களிமண்ணால் மூடி வைப்பர் என்று குறித்துள்ளார். வெயில், உப்பு, தேன், புகை என்ற நான்கும் பண்டை மனிதன் கண்ட காப்புப் பொருள்கள். இவற்றுள் புகைக்கு மட்டும் ஒரு தனிச்சிறப்பு உண்டு. ஏனையவை உணவைக் காப்பதோடு நின்றுவிட, புகையோ மெல்லிய வெப்பத்தோடு கூடி உணவைச் சமைக்கவும் வல்லதாயிற்று. கடினமான ஊனை நாள்முழுதும் புகையில் வைத்து நாரெல்லாம் நெகிழுமாறு பதப்படுத்தும் அக்கலை அமெரிக்கக் கண்டங்களிலே தனியொரு வரலாறாக வளர்ந்தது. இன்று ஐக்கிய அமெரிக்காவில் எண்ணற்ற வீடுகளின் கொல்லைப்புறத்திற் புகையடுப்பு ஒன்று நிற்கிறது. அந்த அடுப்பு அங்கே வந்து சேர்ந்த வழியையும், அதனை முதன்முதலாக மூட்டுவோர் அறியவேண்டியவற்றையும் ஒருங்கே நோக்குவது பயனுடைத்து. புலாலுண்ணாதாரும் இதனைக் கேட்கலாம். ஏனெனில் இது சமையலின் கதை மட்டுமன்று. பெயர் தெரியாத பல்லாயிரம் மனிதரின் உழைப்பின் கதையுமாகும்.

1492இல் கொலம்பஸ் கரிபியன் கடலை அடைந்தபோது, அங்குள்ள பெருந்தீவுகளில் தைனோ என்னும் மக்கள் வாழ்ந்தனர். இன்று ஹெயிற்றி, டொமினிக்கன் குடியரசு என இரு நாடுகளாகப் பிரிந்திருக்கும் தீவுக்கு ஸ்பானியர் இஸ்பானியோலா என்று பெயரிட்டனர். கவைக்கோல்களை நாட்டி, அவற்றின் மேற் பச்சைக் கம்புகளைப் பரப்பிய ஒருவகைப் பரணைத் தைனோ மக்கள் பல தேவைகளுக்குப் பயன்படுத்தினர். உறங்குவதற்கும், தானியத்தை ஈரம் படாமல் வைப்பதற்கும் அது உதவியது. அடியில் மெல்லிய நெருப்பை இட்டால் மீனையும் விலங்கிறைச்சியையும் மெல்ல வாட்டும் அடுப்பாகவும் அது மாறியது. அதனை அவர்கள் அழைத்த பெயரை ஸ்பானியர் பார்பக்கோவா என்று தம் மொழியிற் கொண்டனர். 1526இல் அந்நாடுகளின் இயற்கை வரலாற்றை எழுதி வெளியிட்ட ஓவியேதோ என்பவரின் எழுத்துகளில் இச்சொல் இடம்பெறுகிறது. பார்பிக்யூ என்று இன்று உலகெங்கும் வழங்கும் சொல்லின் பிறப்பு இதுவே.

இத்தகைய பரண் தைனோ மக்களுக்கு மட்டும் உரியதன்று. பிரேசில் நாட்டுத் துப்பினம்பா மக்களிடையே 1550களில் வாழ்ந்த ஷான் தெ லெறி என்ற பிரெஞ்சுக்காரர் 1578இல் வெளியிட்ட நூலில், கவைக்கோல்களின்மேல் அமைந்த மரச்சட்டத்தில் இறைச்சியை மெல்லிய தீயில் வைத்துப் பலமுறை திருப்பி வாட்டும் முறையை விரிவாக எழுதியுள்ளார். அதற்கு வழங்கிய பெயர் பூக்கான் என்பது. ஜோன் வைட் என்ற ஆங்கில ஓவியர் 1585ஆம் ஆண்டளவில் வட அமெரிக்கக் கிழக்குக் கரையில் வரைந்த ஓவியமொன்றில், அத்தகைய சட்டத்தின்மேல் மீன்கள் புகையும் தழலும் பட்டு வேகும் காட்சியைக் காணலாம். நெருப்புக்கும் ஊனுக்கும் இடையே போதிய உயரம் வைத்து, காலத்தைத் துணையாகக் கொள்வதே இவற்றுக்கெல்லாம் பொதுவான நெறி. ஊன் கருகாது, ஆயினும் வேகும். நீர் வற்றும், புகை படியும், ஈக்கள் அணுகா.

ஸ்பானியரின் வருகைக்குப் பின் அரை நூற்றாண்டுக்குள்ளே தைனோ மக்களிற் பெரும்பாலோர் கட்டாய உழைப்பாலும் கொடிய நோய்களாலும் மாண்டனர். மக்கள் மறைந்த தீவிலே விலங்குகள் பெருகின. கொலம்பஸ் 1493இல் தமது இரண்டாம் பயணத்திற் கொண்டுவந்த பன்றிகளும் கால்நடைகளும் காடுகளிற் புகுந்து பல்கின. அந்நிய வணிகரோடு கள்ள வாணிகம் நடப்பதைத் தடுக்க எண்ணிய ஸ்பானிய அரசு, 1605, 1606ஆம் ஆண்டுகளில் இஸ்பானியோலாவின் வடக்கு மேற்குக் கரைகளில் வாழ்ந்த குடிகளை வலிந்து பெயர்த்தது. கைவிடப்பட்ட மந்தைகள் அங்கே காட்டு விலங்குகளாயின. அவற்றை வேட்டையாடப் பிரெஞ்சுக்காரரும் பிறரும் வந்து குடியேறினர். அவர்கள் பூக்கானின்மேல் இறைச்சியைப் புகையிட்டு உலர்த்தி, அவ்வழியே செல்லும் கப்பல்களுக்கு விற்றனர். பூக்கானைப் பயன்படுத்துவோர் என்னும் பொருளில் அவர்கள் பூக்கானியர் எனப்பட்டனர். ஸ்பானியர் அவர்களைத் துரத்தவே, அவர்களிற் பலர் தொர்துகாத் தீவையடைந்து கடற்கொள்ளையில் இறங்கினர். அவர்களோடு வைத்தியராக வாழ்ந்த எக்ஸ்கெமெலின் 1678இல் அம்ஸ்ரடாமில் வெளியிட்ட நூல் அவர்தம் வாழ்வை ஐரோப்பாவுக்கு அறிவித்தது. கடற்கொள்ளையரைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் சொற்களில் ஒன்று, இவ்வாறு புகையடுப்பின் பெயரிலிருந்தே பிறந்தது.

ஜமேய்க்காவில் இக்கலை வேறொரு வடிவெடுத்தது. 1655இல் ஆங்கிலேயர் அத்தீவைக் கைப்பற்றியபோது, ஸ்பானியரிடம் அடிமைகளாயிருந்த ஆபிரிக்கர் பலர் மலைக்காடுகளிலே தஞ்சம் புகுந்தனர். மறூன்கள் எனப்பட்ட அவர்கள் பல்லாண்டுகள் போரிட்டு, 1739இல் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்யும் அளவுக்கு வலிமை பெற்றனர். மலையில் மறைந்து வாழ்ந்தோர்க்குக் காட்டுப்பன்றியே முக்கிய ஊன். உப்பும் மிளகாயும் பிமெண்டோ விதையும் அரைத்துத் தடவி, பிமெண்டோ மரக்கம்புகளின்மேல் மெல்லிய தழலில் வாட்டி அவர்கள் அதைப் பதப்படுத்தினர். ஜேர்க் என்ற பெயரால் இன்று புகழ்பெற்ற உணவு அதன் வழிவந்ததே. தைனோ மக்களின் பரணும் ஆபிரிக்கரின் கைத்திறனும் அங்கே ஒன்றாயின.

வட அமெரிக்கப் பெருநிலத்திலே பன்றிகளை முதலில் திரளாகக் கொண்டுவந்தவர் 1539இல் புளோரிடாவில் இறங்கிய ஸ்பானியத் தளபதி தெ சோத்தோ ஆவர். 1607இல் ஆங்கிலேயர் வேர்ஜீனியாவிற் குடியேறினர். 1619இல் ஆபிரிக்கர் முதன்முதலாக அங்கே கொண்டுவரப்பட்டனர். இந்த மூன்று நிகழ்ச்சிகளும் கூடியே தென்மாநிலங்களின் பார்பிக்யூவை உருவாக்கின எனலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் அது வேர்ஜீனியா, கரோலினா ஆகிய பகுதிகளின் பெருவிழா உணவாயிற்று. ஜோர்ஜ் வாஷிங்டன் தமது நாட்குறிப்பிலே, 1769ஆம் ஆண்டு மே மாதம் அலெக்சாந்திரியா நகரில் ஒரு பார்பிக்யூவுக்குச் சென்று இரவு முழுதும் தங்கியதாக எழுதியுள்ளார். 1793ஆம் ஆண்டு செப்தெம்பர் 18ஆம் நாள் அவர் அமெரிக்க நாடாளுமன்ற மாளிகைக்கு அடிக்கல் நாட்டியபோது, 500 இறாத்தல் எடையுள்ள எருது ஒன்று அவ்வாறு சமைக்கப்பட்டு விருந்தளிக்கப்பட்டது.

அத்தகைய விருந்துக்கு வேண்டிய உழைப்பு எளிதானதன்று. முதல்நாளே நீண்ட அகழி ஒன்றை வெட்டுவர். வேறோரிடத்தில் ஓக், ஹிக்கரி ஆகிய வன்மரங்களை எரித்துத் தணலாக்குவர். அத்தணலை மண்வெட்டியால் அள்ளி அகழியிற் பரப்புவர். குறுக்கே கிடத்திய கழிகளின்மேல் முழுப்பன்றிகளையும் ஆடுகளையும் வைப்பர். பின்னர் இரவு முழுதும் கண்விழித்து, தணல் தணியுமிடத்து அள்ளிப் போடுவதும், கொழுப்புச் சொட்டித் தீ எழுமிடத்து அடக்குவதும், கனத்த உடல்களைப் புரட்டுவதும், நீண்ட கோலிற் கட்டிய துணியாற் காடியும் மிளகாயும் கலந்த நீரைத் தடவுவதுமாக வேலை நடக்கும். தணல் மிகுந்தால் மேற்புறம் கருகும், உட்புறம் வேகாது. தணல் குறைந்தால் ஊன் கெடும். வெப்பமானி இல்லாத அக்காலத்திலே கையை நீட்டி எத்துணை நேரம் பொறுக்கிறது என்று பார்த்தே சூட்டை அளந்தனர்.

இவ்வாறு விழித்திருந்தவர் யாவர்? தென்மாநிலங்களில் அவர்கள் பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட ஆபிரிக்க மக்களே. விருந்துக்கு அழைத்தவரின் பெயரும், அங்கே சொற்பொழிவாற்றிய அரசியல்வாதியின் பெயரும் செய்தித்தாள்களிற் பதிவாயின. நெருப்பைக் காத்தவனின் பெயர் அரிதாகவே பதிவாயிற்று. 1930களின் பிற்பகுதியில் அமெரிக்க அரசின் எழுத்தாளர் திட்டமொன்று, அடிமை வாழ்விலிருந்து விடுபட்டு அப்போது முதுமையடைந்திருந்தோரின் நினைவுகளை எழுதிச் சேர்த்தது. தென் கரோலினாவில் வாழ்ந்த, தொண்ணூறு வயதைக் கடந்த வெஸ்லி ஜோன்ஸ் என்பவர், தம் இளமையில் விருந்துக்கு முந்திய இரவு முழுதும் விழித்திருந்து இறைச்சியைச் சமைத்ததையும் அதற்குக் குழம்பு தடவியதையும் அதிலே கூறியுள்ளார். காடி, கருமிளகு, செம்மிளகாய், உப்பு, வெண்ணெய், கொத்தமல்லி, வெங்காயம், உள்ளி எனக் குழம்பின் பொருள்களையும் அவர் வரிசையாகச் சொன்னார். ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கழிந்த பின்னரும் அவருடைய நினைவிலிருந்து அது அகலவில்லை. இன்றைய பெருங்கடைகளிற் போத்தல்களாய் அடுக்கி விற்கப்படும் குழம்புகளுக்கு முன்னோர் இவரைப் போன்றோரே.

அடிமை மக்கள் ஒன்றுகூடுவதற்கு எசமானர் அனுமதித்த தருணங்கள் மிகச் சில. உண்டு களிக்கும் கூட்டம் அவற்றுள் ஒன்று. ஆதலின் விடுதலை பற்றிய பேச்சும் அங்கே எழுந்தது. 1831ஆம் ஆண்டு ஓகஸ்ட் 21ஆம் நாள், வேர்ஜீனியாவின் சவுதம்ரன் மாவட்டத்துக் காட்டிலே ஒரு குளக்கரையிற் சிலர் கூடினர். அவர்களில் ஒருவர் பன்றியொன்றைக் கொண்டுவந்திருந்தார். அதனைச் சமைத்து உண்டு, அன்றிரவே நாற் ரேணரின் தலைமையில் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சி அடக்கப்பட்டது. ரேணர் அவ்வாண்டு நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். இருப்பினும், எசமானனின் விருந்துக்காகக் கற்ற கலை தம் மக்களின் கூட்டத்துக்கும் உரியது என்பதை அம்மக்கள் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இது ஒரு சான்று.

1865ஆம் ஆண்டு யூன் 19ஆம் நாள், டெக்சாஸ் மாநிலத்துக் கல்வெஸ்ரன் நகரில் அடிமைகள் அனைவரும் விடுதலை பெற்றனர் என்ற அறிவிப்பு வெளியாயிற்று. மறு ஆண்டிலிருந்து அந்நாளை அம்மக்கள் கொண்டாடத் தொடங்கினர். புகையிற் சமைத்த இறைச்சி அவ்விழாவின் நடுநாயகமான உணவாக நிலைத்தது. 2021இல் அந்நாள் அமெரிக்காவின் தேசிய விடுமுறை நாளாக்கப்பட்டது. முன்னர் பிறர் விருந்துக்கு உழைத்தோர் இப்போது தம் விழாவுக்குத் தாமே நெருப்பை மூட்டினர்.

விடுதலைக்குப் பின் இக்கலை ஒரு தொழிலாயிற்று. கறுப்பின மக்கள் தெற்கிலிருந்து நகரங்களை நோக்கிப் பெயர்ந்தபோது அடுப்பையும் உடன்கொண்டு சென்றனர். மெம்பிஸ் நகரின் அருகே பிறந்து, ஆற்றுக் கப்பல்களின் சமையலறைகளிலே பணிபுரிந்த ஹென்றி பெரி என்பவர், 1908இல் கன்சாஸ் நகரில் ஒரு சந்தினுள் சிறு கடை வைத்தார். புகையிட்ட இறைச்சியைச் செய்தித்தாளிற் பொதிந்து தொழிலாளருக்கு விற்றார். 1940இல் அவர் காலமானபோது அந்நகரம் இவ்வுணவுக்குப் பேர்பெற்ற இடமாக வளர்ந்திருந்தது. அவரிடம் பயின்றவர் வழியே அக்கடை பின்னர் ஆதர் பிரையன்ற் என்பாரின் கைக்கு வந்து நாடறிந்த நிலையமாயிற்று. மத்திய டெக்சாசிலோ ஜேர்மனியிலிருந்தும் செக் நாட்டிலிருந்தும் குடியேறிய இறைச்சிக் கடைக்காரர்கள் விற்பனையாகாத துண்டுகளைக் கெடாமற் காக்கப் புகையிட்டனர். பருத்தி கொய்யும் தொழிலாளர் அதனைக் காகிதத்தில் வாங்கிக் கையாலேயே உண்டனர். லொக்ஹார்ட் நகரில் 1900இல் தொடங்கிய குரொயிற்ஸ் கடை அம்மரபைச் சேர்ந்தது.

நிலத்துக்கு நிலம் சுவை வேறுபட்டது. வட கரோலினாவின் கிழக்கே முழுப்பன்றியும், காடியும் மிளகாயும் கலந்த நீர்த்த குழம்பும் சிறப்பு. தென் கரோலினாவின் ஒரு பகுதியில் கடுகுக் குழம்பு விரும்பப்படுகிறது. கன்சாஸ் நகரத்தார் தக்காளியும் சர்க்கரைப் பாகும் சேர்த்த தடித்த குழம்பை விரும்புவர். டெக்சாசிலே மாட்டின் நெஞ்சிறைச்சிக்கு உப்பும் மிளகும் போதும் என்பர். எது உயர்ந்தது என்ற வழக்கு இன்றளவும் தீர்ந்தபாடில்லை.

ஊர்ப்பொதுவில் வெட்டிய அகழி, தனி வீட்டின் கொல்லைக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டிலேயாம். 1897இல் பென்சில்வேனியாவைச் சேர்ந்த எல்ஸ்வேத் சுவோயர் என்பவர் கரித்தூளை அழுத்திக் கட்டியாக்கும் முறைக்கு உரிமை பெற்றார். மோட்டார் வண்டி உற்பத்தியாளரான ஹென்றி போர்ட், தம் வண்டிகளுக்கு வேண்டிய மரத்தை அறுத்தபின் மிச்சிகன் மாநிலத்தில் மலைபோற் குவிந்த கழிவுகளை வீணாக்க மனமின்றி, 1920களில் அவற்றைக் கரிக்கட்டிகளாக்கி விற்றார். ஒரேயளவாய் எரியும் எரிபொருள் இதனால் எளிதிற் கிடைத்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் நகர்ப்புறங்களில் தோட்டத்தோடு கூடிய வீடுகள் பெருகின. சிக்காகோ நகரில் உலோக வேலைத்தலம் ஒன்றிற் பணியாற்றிய ஜோர்ஜ் ஸ்டீபன், திறந்த அடுப்பிலே காற்றும் சாம்பலும் தந்த தொல்லையைக் கண்டு சலித்தார். கடல் மிதவைகளுக்காக அங்கே செய்யப்பட்ட உலோக அரைக்கோளத்தை எடுத்துக் கால்கள் பொருத்தி, மற்றோர் அரைக்கோளத்தை மூடியாக்கி, காற்றுத் துளைகளும் அமைத்தார். 1952இல் உருவான அவ்வடுப்பு வெபர் என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. டெக்சாசிலும் ஒக்லஹோமாவிலும் எண்ணெய்க் கிணறுகளிற் பணிபுரிந்த ஒட்டுவேலைக்காரர்கள் பருத்த இரும்புக் குழாய்களைக் கொண்டு வேறொரு வகையைச் சமைத்தனர். ஒரு முனையில் நெருப்புப் பெட்டி, மறுமுனையிற் புகைபோக்கி, இடையே ஊன் வைக்கும் அறை என்பது அதன் அமைப்பு. நெருப்பைத் தனியே எரித்து வெப்பத்தையும் புகையையும் மட்டும் ஊனிடத்துச் செலுத்தும் பழைய அகழியின் நெறியே இங்கும் காணப்படுகிறது.

இனி, இவ்வடுப்பிற் புதிதாகப் பழகுவோர் அறியவேண்டியவற்றைக் காண்போம். முதலாவது விறகு. ஓக், ஹிக்கரி, ஆப்பிள் போன்ற வன்மரங்களே ஏற்றவை. விறகு நன்கு உலர்ந்திருத்தல் வேண்டும். பைன் போன்ற பிசின் மரங்களும், வர்ணமோ மருந்தோ பூசிய பலகைகளும் ஆகா. மரத்திலுள்ள இலிக்னின் என்னும் பொருள் வெப்பத்தாற் சிதையும்போது தோன்றும் பீனோல் வகைச் சேர்வைகளே புகையின் மணத்துக்குக் காரணம். காற்றோட்டம் போதாமல் நெருப்புத் திணறினால் தடித்த வெண்புகை எழும். அது ஊனிற் படிந்து கசப்பூட்டும். சிறிய நெருப்பு நன்கு எரியும்போது கண்ணுக்கு அரிதாய்த் தோன்றும் மெல்லிய நீலப்புகையே விரும்பத்தக்கது. புகை மிகுந்தாற் சுவை மிகும் என்று எண்ணுவது புதியவர் பலரும் செய்யும் பிழை.

இரண்டாவது வெப்பம். அறையினுள் 107 முதல் 121 பாகை செல்சியஸ் வரை நிலையாக வைத்திருத்தல் வழக்கம். மேல்துளையைத் திறந்து வைத்து, கீழ்த்துளையால் உட்செல்லும் காற்றைக் கூட்டியும் குறைத்தும் நெருப்பை ஆளவேண்டும். அறைக்கு ஒன்றும் ஊனுக்கு ஒன்றுமாக இரு வெப்பமானிகள் தேவை. அடிக்கடி மூடியைத் திறந்து பார்த்தால் வெப்பம் வெளியேறிக் காலம் நீளும். புதிய அடுப்பாயின் முதலில் வெறுமனே சில மணி நேரம் எரித்து, எண்ணெய்ப் பூச்சும் தூசும் அகலச் செய்தல் நன்று. ஊனின்றி நெருப்பை ஆளப் பழகுவதற்கும் அது வாய்ப்பாகும்.

மூன்றாவது ஊனின் தெரிவு. உழைத்த தசையிலே இணைப்பிழையம் மிகுதி. அதிலுள்ள கொலாஜன் விரைந்த சூட்டிலே தோலைப்போல் இறுகும். மெல்லிய சூட்டில் நெடுநேரம் இருந்தால் ஜெலற்றினாக உருகி ஊனை நெகிழ்விக்கும். ஆகவேதான் செல்வர் விரும்பாது ஒதுக்கிய தோட்பட்டையும் நெஞ்சிறைச்சியும் இக்கலையிற் சிறந்தன. புதியவர் கொழுப்புள்ள பன்றித் தோட்பட்டையிலோ கோழியிலோ தொடங்குதல் நலம். தோட்பட்டை சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். மாட்டின் நெஞ்சிறைச்சி பொறுக்காது. முந்திய மாலையே உப்பும் மிளகும் தடவிக் குளிர்ப்பெட்டியில் வைத்து, விடியுமுன் அடுப்பேற்றுவர். மூன்று நான்கு கிலோ எடையுள்ள தோட்பட்டைக்குப் பத்து முதல் பதினான்கு மணி நேரம் வரை செல்லும்.

இடையே புதியவரைக் கலங்கச் செய்யும் ஒரு கட்டம் வரும். ஊனின் உள்வெப்பம் 65 முதல் 75 பாகைக்குள் வந்ததும் பல மணி நேரம் உயராமல் நின்றுவிடும். அடுப்பு பழுதாயிற்றோ என்று பலர் அஞ்சி நெருப்பைக் கூட்டுவர். மனிதன் வியர்க்கும்போது உடல் குளிர்வது எவ்வாறோ, அவ்வாறே ஊனிலிருந்து ஆவியாகும் நீர் அதனைக் குளிர்விக்கிறது. நெருப்புத் தரும் வெப்பமும் ஆவி கொண்டுபோகும் வெப்பமும் சமமாகும் நிலை அது. பொறுத்திருந்தால் தானே கடக்கும். அவசரமாயின் தடித்த காகிதத்திலோ உலோகத் தாளிலோ இறுகச் சுற்றி ஆவியைத் தடுக்கலாம். உள்வெப்பம் ஏறத்தாழ 95 பாகையை அடைந்து, குத்திய கோல் தடையின்றி உட்செல்லுமாயின் பதம் வந்தது என்று கொள்ளலாம். இறக்கியவுடன் அரியாது ஒரு மணி நேரமேனும் ஆறவிடுதல் வேண்டும். அரிந்தால் விளிம்பிலே இளஞ்சிவப்பு வளையம் ஒன்று தோன்றும். அது வேகாமையின் அடையாளமன்று. புகையிலுள்ள நைத்திரிக்கொட்சைட்டும் காபனோரொட்சைட்டும் தசையின் நிறப்பொருளோடு கூடியதால் விளைந்தது.

எச்சரிக்கைகளும் சில உள. புகை இறைச்சியை எல்லாக் கேட்டிலிருந்தும் காக்கும் என்று எண்ணலாகாது. பண்டையோர் உப்பிட்டு நன்றாக உலர்த்தியதனாலேயே அது நாட்பட நின்றது. கொல்லைப்புற அடுப்பிற் சமைத்த ஊன் ஈரமுடையது. ஏனைய சமைத்த உணவைப்போலவே விரைந்து உண்ணவோ குளிரில் வைக்கவோ வேண்டும். கோழியாயின் உள்வெப்பம் 74 பாகையை எட்டாமல் உண்ணலாகாது. காபனோரொட்சைட்டு உயிரைக் கொல்லும் நச்சுவாயு. ஆகையால் கரியடுப்பை வீட்டினுள்ளோ மூடிய கொட்டகையிலோ எரித்தல் கூடாது. மேலும், உப்பிடல், புகையிடல் முதலியவற்றாற் பதனிட்ட இறைச்சி மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2015இல் வகுத்துள்ளது. விழா நாளின் உணவாக வளர்ந்த ஒன்றை நாளாந்த உணவாக்காமல் இருப்பதே அறிவுடைமை.

இன்று மின்சாரத்தால் இயங்கி, மரக்குருணையைத் தானே ஊட்டி, வெப்பத்தைத் தானே அளக்கும் அடுப்புகளும் விற்பனைக்கு வந்துள்ளன. தீயை மூட்டிவிட்டு உறங்கச் செல்வது இப்போது இயலும். ஆனால் அக்கருவி அளக்கும் வெப்பம் எது, காத்திருக்கும் காலம் எவ்வளவு என்பனவற்றை முதலிற் கண்டறிந்தவர்கள் உறங்காதவர்கள். அழிந்துபோன தைனோ ஊர்களிலும், மறூன்களின் மலைக்காடுகளிலும், கரோலினாவின் தோட்டங்களிலும் அவர்கள் விழித்திருந்தனர். வெஸ்லி ஜோன்ஸ் போன்ற ஒருசிலரின் சொற்களே ஏட்டில் எஞ்சின. ஏனையோர் விட்டுச் சென்றது ஒரு செய்முறை மட்டுமே. கொல்லையிலே முதன்முறையாக நெருப்பை மூட்டி அதனருகே அமரும் ஒருவர், அச்செய்முறை யாருடையது என்பதையும் அறிந்து மூட்டுவாராயின், அவர்களுக்குரிய கடனில் ஒரு சிறு பகுதி தீர்ந்ததாகும்.